மலையகத்தில் வேலை செய்துகொண்டே குழந்தை மருத்துவம் அல்லது மகப்பேற்றியலில் விரிவுரையாளர் ஆக என்ன வழி?

கொழுந்துக்கூடை (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் முடித்தேன். உள்ளகப் பயிற்சியும் முடிந்து, இப்போது நுவரெலியா மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலையின் குழந்தைகள் வார்டில் எம்.ஓ. (வைத்திய அதிகாரி) ஆக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். பக்கத்து வார்டில் தோட்டத்து அம்மாமார். வார்டு வேலையோடு நின்றுவிடாமல் கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருக்கிறது. வழிதான் தெளிவில்லை.

பல்கலைக்கழகத்தில் முதலில் தகுதிகாண் (இன்னும் நிரந்தரமாகாத) விரிவுரையாளராகச் சேர்ந்து அதற்குப் பிறகு எம்.டி. (விசேட வைத்தியருக்கான பட்டப்பின் பட்டம்) செய்வதா, சுகாதார அமைச்சின் ஆளாக இருந்தே எம்.டி. முடித்து நேரே சிரேஷ்ட விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பதா? குழந்தை மருத்துவமா, மகப்பேறும் பெண்ணோயியலுமா என்பதிலும் இன்னும் மனம் ஒரு பக்கம் சாயவில்லை. இரண்டிலும் கற்பித்தல் வாழ்க்கை எப்படி இருக்கும்? அடுத்தது ஆய்வு. கையில் நிதி இல்லை, வழிகாட்டி இல்லை, வார்டும் பதிவேடுகளும் மட்டும்தான் உண்டு. அதை வைத்து என்ன தொடங்கலாம்? கடைசியாக, அடுத்த வருடம் கல்யாணம். பிள்ளைப்பேற்று விடுமுறை பயிற்சிக் காலத்தில் எப்படிக் கணக்காகும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

மகாவலிக்கரை:

டொக்டர், முதலில் மூன்று நிர்வாகங்களைப் பிரித்துப் பாருங்கள். விசேட வைத்தியப் பயிற்சி தருவது கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனம், நாம் எல்லோரும் சொல்கிற பீ.ஜி.ஐ.எம். விரிவுரையாளர் பதவி தருவது அந்தந்தப் பல்கலைக்கழகம். நோயாளி படுத்திருக்கும் கட்டில் சுகாதார அமைச்சினுடையது. மூன்றும் ஒரே வாசல் என்று எண்ணிக்கொண்டு, ஒரு வாசல் திறக்கட்டும் என்று மற்ற இரண்டையும் தட்டாமல் இருப்பதில்தான் அதிகம் பேருக்கு வருடங்கள் வீணாகின்றன.

நீங்கள் யாரிடம் சம்பளம் வாங்கினாலும் எம்.டி. குழந்தை மருத்துவத்துக்குப் பாதை ஒன்றுதான். தேர்வுப் பரீட்சை (பயிற்சிக்கு ஆள் தெரிவு செய்வது), ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி வைத்தியராகச் சுழற்சிப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, பிறகு எஸ்.ஆர். (சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார்) ஆக உள்நாட்டில் ஒரு காலம், வெளிநாட்டில் ஒரு காலம், கடைசியில் விசேட வைத்தியர் என்ற சபைச் சான்றிதழ். தேர்வுப் பரீட்சைக்குத் தயாராகும் நாளையும் சேர்த்து, உள்ளகப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து ஏழெட்டு வருடமாவது ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு இதில் எந்தக் குறுக்குவழியும் கிடையாது. ஆகவே உங்கள் முதல் கேள்வி உண்மையில், அந்த ஏழெட்டு வருடமும் யாருடைய ஆளாக இருக்கப் போகிறீர்கள் என்பதுதான்.

தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்தால், இடமாற்றப் பட்டியல் உங்களைத் தொடாது. மாணவர் குழு, ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை, பாடத்திட்டக் கூட்டம் எல்லாம் முதல் நாளிலேயே கைக்கு வரும். அதற்கு ஈடாக, பதவி நிரந்தரமாவதற்குக் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகுதி எடுக்க வேண்டும்; உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ்ப் பாடநெறியையும் முடிக்க வேண்டும். சம்பளத்தோடு படிப்பு விடுமுறையில் போனால் பிணைப் பத்திரம் கையெழுத்தாகும். படித்த காலத்துக்கு ஏற்பத் திரும்பிவந்து சேவை செய்ய வேண்டும், இல்லையென்றால் பணத்தைக் கட்ட வேண்டும். பிணையாளிகளாகக் கையெழுத்திடுகிறவர்களுக்கும் அது கடன்தான் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமைச்சு வழியில் போனால் மேலதிகக் கடமைப் படியும் வைத்தியர்களுக்கான டீ.ஏ.டீ. கொடுப்பனவும் கையில் நிற்கும். பயிற்சிக் காலத்தில் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். சபைச் சான்றிதழ் வந்தபின் சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம். சிக்கல் அந்தக் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் உங்கள் பாடத்தில் வெற்றிடம் இருக்க வேண்டும். ஒரு மருத்துவத் துறைக்கு அனுமதிக்கப்பட்ட பதவிகள் கைவிரலால் எண்ணக்கூடியவை. ஒருவர் ஓய்வுபெற்றால் அல்லது விலகினால்தான் இடம். வெற்றிடம் வரும்வரை விசேட வைத்தியராகத் தூர வைத்தியசாலை ஒன்றில் இருக்க நேரிடலாம். அப்படி இருக்கும் காலத்தில் மாணவர்கள் வரும் வைத்தியசாலை என்றால் வருகை விரிவுரையாளராகவாவது பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு இதுதான்: விளம்பரம் இன்று வந்தால் இன்று விண்ணப்பியுங்கள், வகுப்புச் சித்தி இருக்கிறது. வராவிட்டால் அதற்காக ஒரு பரீட்சையையும் தவறவிட வேண்டாம். எம்.டி. எந்த வழியிலும் உங்களோடு வரும்; பதவிக்காகக் காத்திருந்த வருடம் திரும்பி வராது.

இரண்டு பாடத்தில் எது என்பதற்கு மகப்பேறு, பெண்ணோயியல் பக்கத்து ஒப்ஸ்-கைனிக்காரர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லட்டும். குழந்தை மருத்துவத்தில் கற்பித்தல் நேரத்தின் பெரும் பகுதி கட்டிலருகே போகும். இறுதி வருட மாணவருக்கு மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, உளமருத்துவம் ஆகியவற்றோடு இதுவும் தனிப் பரீட்சைப் பாடம். ஆகவே பேராசிரியர் அலகில் வருடம் முழுக்க ஒரு குழு உங்கள் பின்னாலேயே நடக்கும். அழுகிற பிள்ளையை அழவைக்காமல் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு ஓட வேண்டியதில்லை என்பதால் தரவுகளோடு உட்கார நேரம் கொஞ்சம் கூட. பேராதனை மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. அங்கேயே போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் உள்ளன. மலையகத்துப் பிள்ளைகள் மாற்றப்பட்டு வந்து சேரும் இடங்களில் அவையும் உண்டு. நீங்கள் அனுப்பிய பிள்ளைக்கு அங்கே என்ன நடந்தது என்று தொலைபேசியில் கேட்டு எழுதிவைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். அந்தக் கொப்பியில் இருந்துதான் உங்கள் முதல் ஆய்வுக் கேள்வி வரும்.

ஹந்தானை அக்கா:

தங்கச்சி, ஒப்ஸ்-கைனி பக்கத்தைச் சொல்கிறேன். இந்தப் பாடம் பாதி மருத்துவம், பாதி சத்திரசிகிச்சை. பயிற்சிக் காலத்தில் கைவேலைக் கணக்குப் புத்தகத்தை நிரப்ப வேண்டும்: எத்தனை சிசேரியன் தானாகச் செய்தது, எத்தனை மேற்பார்வையில், எத்தனை உதவியாளாக. இரவு லேபர் ரூம் இல்லாத ஒப்ஸ் இல்லை. கற்பித்தலும் அந்த நேரத்தில்தான் நடக்கும், ஏனென்றால் பிரசவம் விரிவுரை அட்டவணை பார்த்து வராது. நடு இரவில் சிசுவின் இதயத் துடிப்பைக் காட்டும் சீ.ரீ.ஜீ. தாளைப் பிடித்துக்கொண்டு, மாணவருக்கும் விளக்கி, தாய்க்கும் பயம் வராமல் பேசுகிற நிதானம் உங்களுக்கு இயல்பாக வந்தால் இந்தப் பக்கம் வாருங்கள். சம்பளத்தையும் மதிப்பையும் பார்த்து வந்தால் ஐந்தாவது வருடத்தில் உடம்பு சொல்லிவிடும்.

பணமில்லாமல் என்ன ஆய்வு என்று கேட்டீர்கள். குழந்தைகள் வார்டில் இருந்தாலும் ஒப்ஸ் பக்கத்து நண்பரோடு சேர்ந்து ஒன்று செய்யலாம்: சிசேரியன்களை ரொப்சன் பத்துக் குழுவாகப் பிரிக்கும் தணிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் எல்லா வைத்தியசாலைக்கும் பரிந்துரைத்த முறை. ஒவ்வொரு தாய்க்கும் ஆறு விடயம் போதும்: முன்பு பிள்ளை பெற்றவரா, முன்பு சிசேரியன் தழும்பு உண்டா, வலி தானாக வந்ததா, தூண்டப்பட்டதா அல்லது வலிக்கு முன்பே வெட்டியதா, எத்தனை சிசு, எத்தனை வாரம், சிசு எப்படிக் கிடக்கிறது. எல்லாம் லேபர் ரூம் பதிவேட்டிலும் பி.எச்.டி.யிலும் (கட்டிலோடு இருக்கும் நோயாளிப் பதிவுத் தாள்) இருக்கிறது. ஒரு வருடத்துப் பிரசவம் முழுவதையும் எடுங்கள். சிசேரியனை மட்டும் எடுத்தால் பகுதி எண் இல்லாமல் எல்லாம் பாழ்.

பிழை வரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வலி தானாக வந்து, பின்பு ஒக்ஸிடோசின் சேலைன் போட்டு வேகப்படுத்திய தாயைத் தூண்டல் என்று எழுதிவிடுவார்கள். அவர் முதற்பிரசவக்காரி என்றால் முதல் குழுவில் இருக்க வேண்டியவர் இரண்டாம் குழுவுக்குப் போய்விடுவார். இரண்டு குழுவின் வீதமும் பொய்யாகும். சேலைன் போட்ட நேரத்தையும் வலி தொடங்கிய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சரிபார்க்க ஒரு சுலபமான வழி, ஒன்பதாம் குழுவைப் பாருங்கள். அது குறுக்காகக் கிடக்கும் சிசு. மொத்தப் பிரசவத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும், அத்தனை பேருக்கும் சிசேரியன் நடந்திருக்க வேண்டும். அங்கே சாதாரணப் பிரசவம் தென்பட்டால் பதிவு செய்தவர் சிசுவின் கிடையைப் பிழையாக எழுதியிருக்கிறார். மற்றக் குழுக்களையும் திரும்பப் பாருங்கள்.

இன்னொன்று, மலைநாட்டில் இருப்பவர்களுக்கே உரிய கேள்வி: இரத்தச்சோகை. உயரம் கூடக் கூட ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும். ஆகவே அளந்த எண்ணில் இருந்து உயரத்துக்கான அளவைக் கழிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டியின்படி 1000 முதல் 1499 மீற்றர் வரை டெசிலீற்றருக்கு 0.8 கிராம், 1500 முதல் 1999 மீற்றர் வரை 1.1 கிராம். நுவரெலியா நகரம் 1868 மீற்றர். ஏழு மாதம் கடந்த தாய்க்கு அங்கே 11.2 என்று அறிக்கை வந்தால் 11க்கு மேல் என்று டிக் போட்டு அனுப்புவார்கள். கழித்தால் 10.1, அவர் சோகைக்காரி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இரண்டாவது அடுக்கில் அல்ல, முதல் அடுக்கில் வரும். மாவட்டம் முழுவதுக்கும் ஒரே எண்ணைக் கழிக்கக் கூடாது. தோட்டத்து ஒவ்வொரு டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) உயரத்தையும் தனியாக எடுங்கள், மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் இடையிலேயே அடுக்கு மாறலாம். கர்ப்பிணிப் பதிவு அட்டையில் உள்ள எண்களை வைத்து, கழிக்காமல் எத்தனை பேர், கழித்தால் எத்தனை பேர் என்று ஒப்பிட்டாலே வெளியிடத் தகுந்த கட்டுரை. அதைவிட, அடுத்த நாளே கிளினிக்கில் பயன்படும்.

பிள்ளைப்பேற்று விடுமுறை அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். விரும்பினால் அதன்பின் 84 நாள் அரைச் சம்பளத்தோடு, இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல். ஆனால் பயிற்சிக் கணக்கு வேறு. தவறிய சுழற்சிக் காலத்தைப் பிறகு நிறைவு செய்துதான் எம்.டி. பரீட்சைக்கு உட்கார முடியும். ஆகவே இழப்பு சம்பளத்தில் இல்லை, பரீட்சைத் தவணையில். விடுமுறை முடியும் மாதத்துக்கும் அடுத்த பரீட்சை விண்ணப்ப முடிவுத் திகதிக்கும் இடையே எத்தனை மாதம் என்று முன்கூட்டியே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கடினமான காலம் வெளிநாட்டு வருடம். கைக்குழந்தையோடு போவதா, அம்மாவிடம் விட்டுப் போவதா, கணவர் விடுமுறை எடுப்பதா என்பதை எஸ்.ஆர். ஆகும்போது பேசத் தொடங்கினால் பிந்திவிடும். கல்யாணப் பேச்சிலேயே இந்த வருடத்தையும் சேர்த்துப் பேசுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கொழுந்துக்கூடை:

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா, உயரக் கழிவை எங்கள் கிளினிக்கில் யாரும் செய்வதில்லை, திங்கட்கிழமையே கதைக்கிறேன். எனக்கு அதிகம் ஆசை, தோட்டத்துப் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு பற்றி அவர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கே போய்ச் செய்யும் ஆய்வு. எத்தனை பிள்ளை வேண்டும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இன்னொரு சந்தேகம்: டீ.சீ.எச். (குழந்தைச் சுகாதார டிப்ளோமா) மட்டும் இருந்தால், அல்லது இங்கிலாந்தின் குழந்தை மருத்துவப் பரீட்சையான எம்.ஆர்.சி.பி.சி.எச். எழுதினால் விரிவுரையாளர் ஆகலாமா?

எண்ணும் எழுத்தும்:

சமூக மருத்துவப் பக்கத்தில் இருந்து பதில். ஆய்வுக்கு மட்டும்.

அளவு. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் குறைந்த ஐந்து வயதுக்குட்பட்டோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 அளவில். தோட்டத்துறையில் 32 அளவில். உங்கள் எதிர்பார்ப்பு 32 என்று வைத்து, 5 புள்ளி அப்படி இப்படி இருக்கலாம் என்றால் சூத்திரப்படி 335 பிள்ளை. ஆனால் ஒரே டிவிஷனின் பிள்ளைகள் ஒரே தண்ணீர், ஒரே பிள்ளைக்காம்பரா (பிள்ளைக் காப்பகம்), ஒரே சம்பளம், ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அதற்காக 1.5ஆல் பெருக்கினால் 503. நூற்றுக்குப் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள் என்று வைத்தால் 559. இதை 28 டிவிஷனில் இருபது இருபதாக எடுங்கள். பயணம் குறையட்டும் என்று 14 டிவிஷனில் நாற்பது நாற்பதாக எடுத்தால் அந்த 1.5 ஏறக்குறைய 2 ஆகிவிடும். அதே 560 பிள்ளையை அளந்தும் துல்லியம் குறையும். நீங்கள் ஒருவர்தான் என்றால் மாவட்டத்தை விட்டு, ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவை மட்டும் எடுப்பதே புத்தி.

அளப்பது. இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். இரண்டு வயது கடந்த பிள்ளை நிற்க மறுத்துப் படுக்கவைத்து அளந்தால் 0.7 சென்ரிமீற்றர் கழிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழான பிள்ளையை நிற்கவைத்து அளந்தால் அதே அளவைக் கூட்ட வேண்டும். இதை மறந்தால் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் கூட்டமாகத் தவறான பக்கம் விழுவார்கள். பலகையில் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தலையை, ஒருவர் முழங்காலையும் பாதத்தையும் பிடிக்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தடவை, மில்லிமீற்றர் வரை. தொடங்குவதற்கு முன் பத்துப் பிள்ளையை நீங்களும் உதவியாளரும் தனித்தனியாக அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். பிறந்த திகதியைத் தாயின் நினைவில் இருந்து எடுக்காமல் பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டில் இருந்து எடுங்கள். ஒரு மாதப் பிழையே எல்லைக்கோட்டுப் பிள்ளையை மாற்றிவிடும்.

அனுமதி. முதலில் பீடமொன்றின் நெறிமுறைக் குழு. அதற்குப் பின்தான் மற்றவை: வைத்தியசாலைத் தரவுக்குப் பணிப்பாளர், களத்துக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், தோட்டத்துக்கு நிர்வாகம். தரவு சேர்த்த பிறகு அனுமதி கேட்டால் எந்தக் குழுவும் பின்திகதி போட்டுத் தராது. நல்ல சஞ்சிகை எதுவும் ஏற்காது. தகவல் தாளும் சம்மதப் படிவமும் மூன்று மொழியிலும் வேண்டும்.

தோட்டத்தில் இன்னொரு விடயம் உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். துரை (தோட்ட முகாமையாளர்) அனுமதி தந்தார் என்பது தாயின் சம்மதம் அல்ல. கணக்கப்பிள்ளையோ தோட்டத்து உத்தியோகத்தரோ ஆட்களைக் கூட்டி வந்து வரிசையில் நிறுத்தினால் அந்தத் தாய்மாருக்கு மறுக்க வாயிருக்காது. அழைப்பது குடும்பநல உத்தியோகத்தர் வழியாகவோ நேரில் வீட்டுக்குப் போயோ இருக்கட்டும். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும்) நேரத்திலும் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் போகாதீர்கள். அரை மணி நேரக் கேள்விக்கு ஒருவரின் நாட்பேர் (நாட்சம்பளம்) பாதியாகக் கூடாது. வேலை முடிந்த மாலையும் ஞாயிறும்தான் உங்கள் நேரம். முடிவை எழுதி முடித்தபின் அதே டிவிஷனுக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு நாளையும் திட்டத்திலேயே சேருங்கள்.

மொழி. தமிழ் தெரிந்தவர் என்பது உங்கள் பெரிய பலம், ஆனால் அதுவே கண்ணை மறைக்கவும் கூடும். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த கேள்விக்கொத்தையோ பாடப்புத்தகத் தமிழையோ அப்படியே லயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘இழுப்பு’ என்று ஒரு தாய் சொன்னால் வலிப்பாகவும் இருக்கலாம், மூச்சு இழுப்பாகவும் இருக்கலாம். ‘மாந்தம்’ என்றால் வயிற்றுப்போக்கா, வயிறு ஊதலா, பால் குடிக்காததா என்று தனியாகக் கேட்க வேண்டும். ‘கர்ப்பம் தரித்திருந்தபோது’ என்று வாசித்தால் பரீட்சை மாதிரி இருக்கும். ‘முழுகாம இருந்தப்ப’ என்றால் பேச்சு ஓடும். எட்டுப் பத்துத் தாய்மாரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, இதை என்னவென்று விளங்கிக்கொண்டீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துத் திருத்துங்கள். அதன்பின் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மூலத்தைப் பார்க்காத ஒருவர் திருப்பி மொழிபெயர்க்கட்டும்.

பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைப் பார்க்க எடின்பரோ அளவையைச் சேர்ப்பீர்களானால், பத்துக் கேள்விகளில் கடைசியைக் கவனியுங்கள். அது தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பூச்சியம் தவிர வேறு பதில் வந்தால் அதே நாளில் அந்தத் தாயை ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். யார், எங்கே, எந்த வாகனத்தில் என்பது ஆய்வு தொடங்குமுன் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அளவையைத் தொடாதீர்கள்.

வெள்ளைத் தொப்பி:

தாதியர்களும் இதைப் படிப்பதால் ஒரு சிறு குறிப்பு. பிள்ளைகள், பெண்கள் சுகாதாரத்தில் கற்பிக்க வைத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பேராதனையில் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் தாதியியல் துறை உண்டு. தாதியியல் விஞ்ஞானமாணிப் பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும் அங்கே தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கான முதல் படி. தாதியர் பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியர் பதவி அமைச்சுக்குரியது. அதன் படிநிலையும் பல்கலைக்கழகப் படிநிலையும் ஒன்றோடொன்று மாறாது. டிப்ளோமாவோடு பல வருட வார்டு அனுபவம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பட்டத்தைத் தொடங்குவது நல்லது.

கோப்பறை:

பல்கலைக்கழக நிர்வாகப் பக்கத்தில் இருந்து விண்ணப்ப விடயம் மட்டும். நல்ல ஆட்கள் விழும் இடம் நேர்முகம் அல்ல, கடித உறை.

அரச சேவையில் இருப்பவர் உரிய வழியூடாக, அதாவது உங்கள் நிறுவனத் தலைவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கோப்பு வைத்தியசாலை, மாகாணம், அமைச்சு என்று நகர்ந்து முடிவுத் திகதிக்குப் பின்பே வந்து சேரும். ஆகவே ஒரு முற்பிரதியை நேரே பதிவாளருக்கு முடிவுத் திகதிக்கு முன் கிடைக்கும்படி பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயர். தெரிவானால் விடுவிக்கலாம் என்ற கடிதத்தையும் அப்போதே கேட்டு வைக்கவும். தெரிவாகியும் விடுவிப்பு வராமல் மாதக்கணக்கில் நிற்பது அதனால்தான்.

வெளியீடுகளை ஒரே பட்டியலாகக் கொட்டாதீர்கள். சஞ்சிகையில் முழுக் கட்டுரை, நோயாளி அறிக்கை, மாநாட்டுச் சுருக்கம் என்று தனித்தனியாக, உங்கள் பெயர் எத்தனையாவது என்று தெரியும்படி. இலங்கைக் குழந்தைச் சுகாதாரச் சஞ்சிகை, மகப்பேறு பெண்ணோயியல் சஞ்சிகை, சிலோன் மருத்துவச் சஞ்சிகை ஆகியவை இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பிக் காசு கேட்கும் சஞ்சிகையில் போட்டது உங்கள் பெயருக்கு ஊறு. பின்னாளில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் பதவிக்கு ஆய்வு, கற்பித்தல், பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த சேவை என்று தனித்தனியாகப் புள்ளி பார்ப்பார்கள். ஒன்றில் மலைபோல் குவித்து மற்றதில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப முடியாது. கற்பித்த மணிநேரத்துக்குத் துறைத் தலைவரிடம் வருடா வருடம் கடிதம் வாங்கிக் கோப்பில் போடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அந்தத் தலைவர் ஓய்வுபெற்றிருப்பார்.

மகாவலிக்கரை:

கடைசிச் சந்தேகத்துக்கு. டீ.சீ.எச். குழந்தை மருத்துவத்தை உறுதியாக்கும் நல்ல டிப்ளோமா, ஆதார வைத்தியசாலையில் நாளாந்த வேலைக்கு மிகவும் உதவும். ஆனால் அது சபைச் சான்றிதழுக்கு இட்டுச் செல்லாது. அதை மட்டும் வைத்துச் சிரேஷ்ட விரிவுரையாளர் ஆக முடியாது. எம்.ஆர்.சி.பி.சி.எச். மூன்று எழுத்துப் பரீட்சையும் ஒரு மருத்துவச் செய்முறைப் பரீட்சையும் கொண்டது. அதை எழுதினால் அறிவு கூடும், வெளிநாட்டு வருடத்துக்கு இடம் தேடும்போது கை கொடுக்கும். உள்நாட்டு எம்.டி.க்கு அது மாற்றீடு அல்ல. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் படித்து இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைவிட, தேர்வுப் பரீட்சையை முடித்து ரெஜிஸ்ட்ரார் ஆன பிறகு முதல் எழுத்துப் பகுதியைத் தொடுங்கள்.

லய ஆய்வை 559 பிள்ளையோடு இந்த வருடமே தொடங்க வேண்டாம். தேர்வுப் பரீட்சைக்குப் படிக்கிற வருடத்தில் களவேலை நடக்காது. அக்கா சொன்ன ஹீமோகுளோபின் ஒப்பீட்டை முதலில் முடியுங்கள். அதற்குப் பதிவேடு போதும், நெறிமுறைக் குழுவுக்கும் சிறிய விண்ணப்பம். அதைக் கண்டி மருத்துவச் சங்கத்தின் வருடாந்த அமர்வுக்குச் சுருக்கமாக அனுப்புங்கள். அங்கே கேள்வி கேட்கிறவர்களில் ஒருவர்தான் பெரும்பாலும் உங்கள் அடுத்த ஆய்வுக்கு மேற்பார்வையாளர் ஆவார். போகும்போது லய ஆய்வின் திட்டத்தை இரண்டு பக்கத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.